நா. கோவிந்தசாமி

நா. கோவிந்தசாமி (ஏப்ரல் 18, 1946 - மே 26, 1999) சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளரும் கல்வியாளரும் ஆவார். இணையத்தில் தமிழ் எழுத்துக்கள் இடம்பெற வழிவகுத்த முன்னோடிகளுள் ஒருவர்.

வாழ்க்கைக் குறிப்பு

சிங்கப்பூரில் பிறந்த இவர், ஆசிரியராகப் பணி தொடங்கிப் பின்னர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக விளங்கினார். சிறுகதைகளும் திறனாய்வுகளும் எழுதினார். 1977 இல் இலக்கியக் களம் என்னும் அமைப்பை நிறுவினார். 1994 இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதைப் பெற்றார்.

இணையமும் தமிழ் எழுத்துக்களும்

இணையத்தில் அனுப்பப்படும் தரவு சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. இணைய நெறிமுறை (ஐ.பி.) ஒவ்வொரு பொதியையும் உரிய முகவரிக்குச் செலுத்துகிறது. பரப்புகை நெறிமுறை (டி.சி.பி.) அவற்றை வரிசைப்படுத்தி, விடுபட்டவற்றை மீண்டும் அனுப்பச் செய்கிறது. மீயுரை நெறிமுறை (எச்.டி.டி.பி.) வலைப்பக்கத்தைக் கேட்டுப் பெறும் முறையை வரையறுக்கிறது. இவற்றுள் ஐ.பி.யும் டி.சி.பி.யும் எண்களை மட்டுமே சுமந்து செல்கின்றன. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதை அவை அறியா.

ஒரு பைட்டில் 256 எண்கள் அடங்கும். அவற்றுள் முதல் 128 எண்கள் ஆஸ்கி முறைப்படி ஆங்கில எழுத்துக்கள், குறிகள் முதலியவற்றுக்கு உரியவை. 1990களில் தமிழ் எழுத்துரு உருவாக்கியோர் தத்தம் விருப்பப்படி தமிழ் எழுத்துக்களுக்கு எண்களை ஒதுக்கினர். ஆகவே, சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய தமிழ்ப் பக்கம் ஒரு பொதியும் குறையாமல் சேலத்தை அடைந்தாலும், அதே எழுத்துரு அங்கு இல்லையெனில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

கணினித் தமிழ்ப் பணி

இச்சிக்கலுக்குத் தீர்வுகாண முனைந்த கோவிந்தசாமி, கணியன் என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூர்க் கவிதைகளை ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் தந்த வலைத்தளத்தின் தமிழ்ப் பகுதி இவரது முயற்சியால் உருவானது. அதை அக்டோபர் 27, 1995 அன்று குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். இணையத்தில் வெளியான முதல் தமிழ்ப் பக்கங்களாக இவை பொதுவாகக் கருதப்படுகின்றன.

எழுத்துக் குறியீட்டில் உலகத் தமிழரிடையே உடன்பாடு வேண்டும் என்பதை உணர்ந்து, மே 1997 இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டை நடத்தினார். அதன் தொடர்ச்சியாக பெப்ரவரி 1999 இல் சென்னையில் அடுத்த மாநாடு நடைபெற்றது.

மறைவும் பின்னரும்

கோவிந்தசாமி மே 26, 1999 அன்று காலமானார். அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு தாம், தாப் ஆகிய குறியீடுகளைத் தரமாக அறிவித்தது. 2000 இல் உத்தமம் அமைப்பு தொடங்கப்பட்டது. ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் தனி எண் வழங்கும் ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010 இல் ஏற்றது. எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாமல் சென்றடைய அதுவே வழிசெய்தது.