அதிகம் பேசாத எமிலி டிக்கின்சன்



சுவர் இதழில் ‘எனக்குப் பிடித்தவர்’ பகுதிக்கு இந்தத் தடவை நான்தான் எழுதணும் என்று தமிழ் டீச்சர் சொல்லிட்டாங்க. காமராசர், அப்துல் கலாம், அன்னை தெரசா எல்லாரையும் மற்றவர்கள் எழுதி முடிச்சாச்சு. நான் எழுதப் போகிறவர் எந்தப் போராட்டமும் நடத்தவில்லை. மேடை ஏறிப் பேசவில்லை. வாழ்க்கையின் பின்பாதியில் தன் வீட்டு வாசலைத் தாண்டியதே அபூர்வம். ஆனாலும் இன்று பல நாடுகளில் அவர் கவிதையைப் பாடமாகப் படிக்கிறார்கள். அவர்தான் அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன்.

ஏன் இவரைப் பிடிக்கும் என்று முதலிலேயே சொல்லிடறேன். நானும் அதிகம் பேச மாட்டேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தா அடுப்படிக்குள்ள போயிடுவேன். வாயில என்ன கொழுக்கட்டையா என்று கேட்காத சொந்தக்காரங்களே இல்லை. பேசாதவங்க மனசுல ஒண்ணும் இருக்காது, இல்லாட்டி திமிரு புடிச்சவங்க என்று பல பேர் நினைக்கிறாங்க. நூலகத்தில் எமிலியைப் பற்றிப் படிச்சப்போ, நம்மள மாதிரி ஒருத்தர் அப்பவே இருந்திருக்காரே என்று சந்தோஷமா இருந்தது.

பிறப்பும் படிப்பும்

எமிலி 1830-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹெர்ஸ்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா எட்வர்ட் வக்கீல், ஊரில் பெரிய மனிதர். ஆஸ்டின் என்று ஒரு அண்ணன், லவீனியா என்று ஒரு தங்கை. இந்தத் தங்கையின் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் வருவார்.

பள்ளியில் எமிலிக்குத் தாவரவியல் ரொம்பப் பிடிக்கும். என் வயசில், அதாவது 14 வயதில், செடி கொடிகளைத் தேடிப் பறித்து, அழுத்திக் காயவைத்து, ஒரு பெரிய நோட்டில் ஒட்டி, பலவற்றுக்குக் கீழே தாவரவியல் பெயரும் எழுதி வைத்துக் கொண்டிருந்தார். 66 பக்கங்களில் மொத்தம் 424 செடிகள்! அந்த நோட்டு இப்போதும் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. நம்ம அறிவியல் டீச்சர் 10 இலை ஒட்டிட்டு வரச் சொன்னதுக்கே நாம எப்படி முணுமுணுத்தோம் என்று யோசிச்சுப் பாருங்க.

1847-இல் மவுண்ட் ஹோலியோக் என்ற இடத்தில் பெண்கள் விடுதியில் தங்கிப் படிக்கப் போனார். ஒரு வருஷம்கூட முழுசா இல்லை. வீட்டு ஞாபகம் ரொம்ப வந்தது. 1848-இல் வீட்டுக்கே திரும்பி வந்துட்டார்.

வீட்டுக்குள் என்ன செய்தார்?

எந்நேரமும் அழுதுகிட்டு அறைக்குள்ளேயே கிடந்திருப்பார் என்றுதான் நானும் முதலில் நினைச்சேன். அது தப்பு. அவருக்கு வேலையும் விளையாட்டும் நிறைய இருந்தது.

வீட்டில் ரொட்டி சுடுவது எமிலிதான். அவர் சுட்ட ரொட்டிதான் அப்பாவுக்குப் பிடிக்கும். 1856-இல் அவர் ஊர்ச் சந்தைப் போட்டியில் அவருடைய ரொட்டிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. கறுப்பு கேக் என்று ஒன்று செய்வார். அவர் கைப்பட எழுதிய செய்முறை இன்னும் இருக்கு. அதற்கு 19 முட்டை, 5 பவுண்டு உலர்திராட்சை, அதாவது இரண்டு கிலோவுக்கும் மேல்! எங்க அம்மாகிட்ட சொன்னேன், கல்யாண வீட்டுக்கா செஞ்சாங்க என்று கேட்டாங்க.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தோட்டத்தில் விளையாடும்போது, மாடி ஜன்னலிலிருந்து கயிறு கட்டிய கூடையில் இஞ்சி கேக் வைத்து மெதுவாக இறக்குவார். அவர் கீழே வர மாட்டார், கூடை மட்டும் வரும். பிள்ளைகள் எடுத்துக் கொண்டதும் கூடை மேலே போயிடும். பெரியவர்களைப் பார்க்கத்தான் கூச்சம், குழந்தைகளிடம் அவருக்கு ரொம்பப் பிரியம்.

அவர் ஊரில் குளிர்காலத்தில் பனி கொட்டும், செடி எல்லாம் பட்டுப் போகும். அதனால் வீட்டை ஒட்டி ஒரு கண்ணாடி அறையை அப்பா கட்டிக் கொடுத்தார். அதில் மல்லிகை, பெரணி எல்லாம் வளர்த்தார். பியானோ வாசிப்பார். கார்லோ என்று ஒரு பெரிய நாய் வைத்திருந்தார். எங்கே போனாலும் அதுவும் கூடவே வரும். 1866-இல் அது இறந்த பிறகு எமிலி வேறு நாய் வளர்க்கவே இல்லை.

இன்னொரு விளையாட்டு எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒருநாள் அண்ணன் மகள் மார்த்தாவைத் தன் அறைக்குக் கூட்டிப் போய், கையில் சாவியே இல்லாமல் கதவைப் பூட்டுவது போல விரலைத் திருப்பிக் காட்டினார். பூட்டினால் அடைபட்டுப் போவோம் என்று நாம நினைப்போம். எமிலிக்கோ அதுதான் சுதந்திரம். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒன்றரை அடி அகலத்தில் ஒரு குட்டி மேஜை. அதில் உட்கார்ந்துதான் பல கவிதைகளை எழுதினார்.

கிடைத்த தாளில் எல்லாம்

எமிலிக்குத் தாள் இதுதான் என்று கிடையாது. பழைய கடித உறையைப் பிரித்து அதன் உள்பக்கம் எழுதுவார். சாக்லேட் சுற்றி வந்த தாளில் எழுதினார். தேங்காய் கேக் செய்முறை எழுதிய தாளின் பின்பக்கத்தில்கூட ஒரு கவிதை இருக்கு. அவர் போட்ட வெள்ளை கவுன் ஒன்று இன்றும் இருக்கிறது, அதில் ஒரு பாக்கெட் உண்டு. பென்சிலும் துண்டுத் தாளும் வைக்கத்தான் அது இருந்திருக்கும் என்று எனக்குத் தோணுது.

1858-லிருந்து சில வருஷங்கள் தன் கவிதைகளை நல்ல தாளில் திருத்தமாக எழுதி, மடித்து, ஊசி நூலால் தைத்துக் குட்டிப் புத்தகங்களாக வைத்தார். மொத்தம் 40 புத்தகம். உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தது ஏறக்குறைய 10 கவிதைதான். அதிலும் அவர் பெயர் இல்லை. நேரில் பேசக் கூச்சப்பட்டவர் கடிதத்தில் நிறையப் பேசினார். அவர் எழுதிய கடிதங்களில் ஆயிரத்துக்கும் மேல் இன்று கிடைத்திருக்கின்றன.

கல் மனசு இல்லை

யாரையும் பார்க்காதவருக்கு யார் மேலும் பாசம் இருக்காது என்று நினைக்காதீங்க. அம்மா 1875-இல் பக்கவாதம் வந்து படுத்துட்டாங்க. 1882-இல் இறக்கும் வரை எமிலியும் லவீனியாவும்தான் பார்த்துக்கிட்டாங்க. அண்ணன் வீடு பக்கத்து வீடுதான், ஆனாலும் எமிலி அங்கே போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. 1883-இல் அண்ணனின் 8 வயது மகன் கில்பர்ட்டுக்கு டைபாய்டு காய்ச்சல் முற்றிவிட்டது. அன்று இரவு எமிலி எழுந்து அந்த வீட்டுக்கு நடந்தே போனார். குழந்தை பிழைக்கவில்லை. அந்தத் துக்கத்தில் எமிலியும் நோயில் விழுந்தார். இதைப் படிக்கும்போது எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

பெட்டிக்குள் இருந்தது

1886-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி எமிலி இறந்தார். வயது 55. அவர் விருப்பப்படியே, வீட்டில் வேலை பார்த்த ஆறு பேர் பின்வாசல் வழியாகத் தூக்கி, வயல் வழியே கொண்டு போனார்கள்.

இறப்பதற்கு முன் எமிலி, தனக்கு வந்த கடிதங்களை எல்லாம் எரித்துவிடச் சொல்லியிருந்தார். லவீனியாவும் அப்படியே எரித்தார். அப்புறம் ஒரு பெட்டியைத் திறந்தால், உள்ளே நூலால் தைத்த அந்தக் குட்டிப் புத்தகங்கள்! அக்கா கவிதை எழுதுவார் என்று தெரியும், இவ்வளவு இருக்கும் என்று தங்கைக்கே தெரியாது. எல்லாம் சேர்த்தால் 1800 கவிதைக்குப் பக்கம்.

லவீனியா அதையும் அடுப்பில் போட்டிருந்தால்? போடலை. இதை அச்சில் கொண்டு வந்தே ஆகணும் என்று பிடிவாதமா நின்றார். மேபல் டாட் என்ற பெண்மணியும் ஹிக்கின்சன் என்ற எழுத்தாளரும் தொகுத்து, 1890-இல் முதல் புத்தகம் வந்தது. மேபல் அந்த வீட்டுக்கு வந்து பாடுவாராம், எமிலி வேறு அறையில் இருந்து கேட்பாராம். உயிரோடு இருந்தவரை நேருக்கு நேர் முகம் பார்த்ததே இல்லை. அந்தப் புத்தகம் உடனே விற்றுத் தீர்ந்து திரும்பத் திரும்ப அச்சானது. ஆனால் அதில் சொற்களையும் குறிகளையும் மாற்றிவிட்டார்கள். எமிலி எழுதினது போலவே எல்லாக் கவிதையும் வெளிவர 1955 ஆயிடுச்சு.

எனக்குத் தோன்றியது

எமிலிக்குத் தன் புகழ் தெரியாமலே போச்சே என்று முதலில் வருத்தமா இருந்தது. அப்புறம் யோசிச்சேன். ரொட்டி, பூ, நாய், கூடை, மேஜை என்று அவர் தன் நாளைத் தனக்குப் பிடிச்ச மாதிரிதான் வாழ்ந்திருக்கார். அதில் குறை சொல்ல நாம யாரு? ஆனா அந்தப் பெட்டியை நினைச்சாத்தான் பயமா இருக்கு. ஒரு தங்கை இல்லாட்டி எல்லாமே போயிருக்கும்.

என்கிட்டயும் ஒரு நோட்டு இருக்கு. எங்கே வச்சிருக்கேன் என்று என் தங்கச்சிக்கு மட்டும் தெரியும். இதை மேடையில் வாசிக்கச் சொல்லியிருந்தா நிச்சயம் மாட்டேன் என்றிருப்பேன். எழுதி ஒட்டினால் போதும் என்று டீச்சர் சொன்னதால்தான் ஒத்துக்கிட்டேன்.

தோழிகளே, உங்க பெஞ்சிலும் பேசாத ஒருத்தி இருப்பா. அவளைப் பேசு பேசு என்று போட்டு வாட்டாதீங்க. என்ன எழுதுற, என்ன வரையுற என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்க. காட்டினாலும் காட்டுவா.

எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி