கேட்காத ஒலியைக் கேட்க வைத்தவர்: சார்ளி கிறிஸ்டியன்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை ஊடாக மலையேறி, ரிவஸ்டனைக் கடந்து, இலுக்கும்புர வழியே லக்கலைக்கு இறங்கும் பாதையில் பயணித்தவர்கள் அங்கு வீசும் காற்றை மறந்திருக்க மாட்டார்கள். வார இறுதி நாட்களிலும் பாடசாலை விடுமுறைக் காலங்களிலும் தமிழ், முஸ்லிம், சிங்கள இளைஞர்கள் வான்களிலும் பஸ்களிலும் அங்கு வந்து சேர்கின்றனர். அவர்களுள் யாரேனும் ஒருவரது கையில் ஒரு கிட்டார் இருக்கும். பாட்டும் தாளமும் ஆரம்பமாகும். ஆயினும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் காற்றுக்கு முன்னால் முதலில் தோற்றுப்போவது அந்தக் கிட்டாரின் ஒலியே. பாடுவோரின் குரல் கேட்கும்; கைதட்டல் கேட்கும்; தகரத்தில் தட்டும் தாளமும் கேட்கும். கிட்டார் வாசிப்பவரின் விரல்கள் அசைவது மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

இது அவ்வாத்தியத்தின் பழைய குறைபாடு. ஒரு காலத்தில் உலகின் பெரிய இசைக்குழுக்களிலும் இதுவே அதன் நிலைமையாக இருந்தது. அந்த நிலைமையை மாற்றியவர்களுள் முதன்மையானவர், இருபத்தைந்து வயதில் காசநோய்க்குப் பலியான ஒரு கறுப்பின அமெரிக்க இளைஞர். சார்ளி கிறிஸ்டியன் என்ற அவரது பெயரை நம்மவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் திரைப்பாடல்களிலும் பொப்பிசையிலும் தனித்து ஒலிக்கும் மின் கிட்டாரைக் கேட்டு வளர்ந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் அவருக்குக் கடன்பட்டவர்களே.

1920களிலும் 1930களிலும் அமெரிக்க நடன மண்டபங்களை ஆண்டவை ட்ரம்பெட், சக்ஸபோன் முதலிய ஊது வாத்தியங்களாகும். அவற்றோடு போட்டியிடுவதற்காகக் கிட்டாரின் மரப்பெட்டியைச் செதுக்கி வளைத்து, வயலினுக்கு இருப்பது போன்ற துளைகளை இட்டு, அதன் ஒலியை உரத்ததாக்க முயன்றனர். கிப்சன் நிறுவனத்தில் லொயிட் லோர் 1922ஆம் ஆண்டில் உருவாக்கிய எல்-5 என்ற கிட்டார் அவ்வகையில் ஒரு சாதனை. இருந்தும், குழுவில் கிட்டார் வாசிப்பவர் தாளம் காக்கும் ஓர் ஊழியராகவே பின்வரிசையில் அமர்ந்திருந்தார். அவர் வாசிப்பதைச் சபையோர் உணர்ந்தார்களே தவிரக் கேட்டார்கள் என்று சொல்வதற்கில்லை.

சார்ளி கிறிஸ்டியன் 1916ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் திகதி டெக்ஸாஸ் மாநிலத்தின் பொன்ஹம் என்ற சிற்றூரில் பிறந்தார். அவர் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஒக்லஹோமா நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை இசை அறிந்தவர். காய்ச்சலொன்றினால் கண்பார்வையை இழந்த பின்னர், தமது பிள்ளைகளை உடன் அழைத்துக்கொண்டு வசதி படைத்தவர்கள் வாழும் தெருக்களில் பாடியும் வாசித்தும் பிழைப்பு நடத்தினார். பார்வையற்ற தந்தைக்கு வழிகாட்டியபடி நடந்த அச்சிறுவர்களில் இளையவரான சார்ளி, ஆரம்பத்தில் நடனமாடினார். பின்னர் கிட்டாரைக் கையிலெடுத்தார். சிறுவனாக இருக்கும்போதே தந்தை மரணமடைய, அவரது வாத்தியங்கள் மகனை வந்தடைந்தன. பிதுரார்ஜிதமாகக் கிடைத்த சொத்து அது ஒன்றுதான்.

அவர் கற்றது கறுப்பினப் பிள்ளைகளுக்கென இருந்த டக்ளஸ் பாடசாலையில். அங்கு ஸீலியா பிரோ என்ற ஆசிரியை இசையைக் கண்டிப்புடன் கற்பித்து வந்தார். சார்ளிக்கோ சக்ஸபோன் மீது ஆசை. ஆசிரியை ட்ரம்பெட்டைப் பழகும்படி கூறவே, அதை ஏற்காமல் விலகிக்கொண்டார். பிற்காலத்தில் புகழ்பெற்ற நாவலாசிரியரான ரல்ப் எலிசனும் அதே நகரில், அதே பாடசாலைச் சூழலில் வளர்ந்தவர். கைப்பணி வகுப்பில் சுருட்டுப் பெட்டிகளைக் கொண்டு சார்ளி கிட்டார் செய்து வாசித்ததை எலிசன் தமது கட்டுரையொன்றில் நினைவுகூர்ந்துள்ளார். சக்ஸபோன் கைக்கு எட்டாவிட்டாலும் அதன் மீதிருந்த ஆசை அவரை விட்டு அகலவில்லை. அந்த ஆசைதான் பின்னாளில் கிட்டாரின் தலைவிதியை மாற்றியது எனலாம்.

1936ஆம் ஆண்டளவில் கிப்சன் நிறுவனம் ஈஎஸ்-150 என்ற மின் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்வைக்கு அது வழக்கமான கிட்டாராகவே இருந்தது. வளைந்த ஸ்புரூஸ் மரப் பலகை, மேபிள் மரத்தாலான பின்புறம், உள்ளே வெறுமையான பெட்டி. ஆனால் தந்திகளுக்குக் கீழே ஒரு நீண்ட உருக்குத் தகடும், அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும், அடியில் காந்தங்களும் பொருத்தப்பட்டிருந்தன. உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைந்து, கம்பிச் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அதை ஒலிபெருக்கி பெரிதாக்குகிறது. இதில் விந்தை யாதெனில், மரப்பெட்டியும் அப்போது சும்மா இருப்பதில்லை. அதுவும் சேர்ந்து அதிர்ந்து தந்தியின் அசைவை மாற்றுகிறது. ஆதலால் ஹொலோ பொடி என்று வாசிப்போர் அழைக்கும் இவ்வகைக் கிட்டாரில் ஒலி சட்டென எழுந்து, உருண்டு திரண்டு, இதமாக அடங்குகிறது. மின்சாரத்தின் உரப்பும் மரத்தின் வெதுவெதுப்பும் ஒன்றாகக் கலந்த ஒலி அது.

மின் கிட்டாரை வாசித்த முதல் மனிதர் சார்ளி கிறிஸ்டியன் அல்லர். எடி டர்ஹம், ஜோர்ஜ் பார்ன்ஸ் ஆகியோர் 1938இலேயே அதனை இசைத்தட்டில் பதிவுசெய்துவிட்டனர். ஆனால் மற்றவர்கள் பெரும்பாலும் உரத்த கிட்டாராகக் கண்ட ஒன்றை, சார்ளி ஒரு புதிய வாத்தியமாகக் கண்டார். ஒவ்வொரு சுரமாக, நீண்ட வாக்கியம் பேசுவது போல, சக்ஸபோன் கலைஞர் மூச்செடுத்து ஊதுவது போல அவர் வாசித்தார். வட டகோட்டா மாநிலத்தின் பிஸ்மார்க் நகரில் அவரைக் கேட்ட மேரி ஒஸ்போர்ன் என்ற இளம் பெண், அதன் பின் மின் கிட்டாரையே தமது வாழ்வாக்கிக்கொண்டு, ஜாஸ் இசையில் தனியிடம் பிடித்தார்.

1939ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் திருப்பம் நேர்ந்தது. இசைத்தட்டுத் தயாரிப்பாளரான ஜோன் ஹமண்ட், பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸின் சிபாரிசின் பேரில் சார்ளியைக் கேட்டு வியந்து, அவரைப் புகழின் உச்சியிலிருந்த கிளரினெட் கலைஞர் பெனி குட்மனிடம் அனுப்பிவைத்தார். குட்மனுக்கு மின் கிட்டாரில் நாட்டமில்லை. அன்றிரவு பெவர்லி ஹில்ஸ் உணவகமொன்றில், குட்மனுக்குத் தெரியாமலே ஹமண்ட் அந்த இளைஞரை மேடையேற்றினார். புதியவரைச் சங்கடப்படுத்தும் நோக்கத்துடன் அவருக்குத் தெரிந்திராது என்று எண்ணிய ஒரு மெட்டைக் குட்மன் ஆரம்பித்ததாகவும், அது முக்கால் மணித்தியாலம் வரை நீண்டதாகவும் இசையுலகில் இன்றும் சொல்லப்படுகிறது. முடிவில் சார்ளி அக்குழுவின் நிரந்தர உறுப்பினரானார்.

வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேடையில் அமர்வதே பல இடங்களில் சகிக்கப்படாத காலம் அது. அத்தகைய காலத்தில், பார்வையற்ற தெருப்பாடகரின் மகன் நாடறிந்த குழுவின் முன்வரிசைக்கு வந்தார். 1939 ஒக்டோபரில் குட்மனின் அறுவர் குழுவோடு அவரது முதல் இசைத்தட்டுப் பதிவுகள் செய்யப்பட்டன. 1941 மார்ச்சில் பதிவான சோலோ பிளைட் என்ற இசைத்துண்டில் முழுக் குழுவும் பின்னணியில் நிற்க, கிட்டார் தலைமை தாங்கியது. பின்வரிசை ஊழியர் தலைவரான கதை இது.

பெரிய மண்டபங்களில் வேலை முடிந்த பின்னர், நியூயோர்க் ஹார்லம் பகுதியிலுள்ள மின்டன்ஸ் என்ற விடுதிக்குச் சென்று விடியும் வரை வாசிப்பது அவரது வழக்கம். தெலோனியஸ் மொங்க், கெனி கிளார்க், டிஸி கிலெஸ்பி போன்ற இளைஞர்கள் அங்கு கூடி, பீபொப் என்ற புதிய இசை மரபுக்கு அத்திவாரமிட்டுக் கொண்டிருந்தனர். 1941 மே மாதத்தில் ஜெரி நியூமன் என்ற பல்கலைக்கழக மாணவர் தமது சொந்தப் பதிவுக் கருவியைக் கொண்டுவந்து அவ்விசையைப் பதிவுசெய்தார். எந்த நிறுவனமும் அவரைப் பணிக்கவில்லை. அம்மாணவர் அன்று அதைச் செய்யாதிருந்தால், நேர வரம்பின்றிச் சார்ளி மனம்போல் வாசித்த அந்த இசை காற்றோடு போயிருக்கும்.

அதற்குள் நோய் முற்றிவிட்டது. ஓய்வின்றி ஊர் ஊராகப் பயணமும் உறக்கமற்ற இரவுகளும் காசநோயாளி ஒருவருக்கு நஞ்சுக்கு ஒப்பானவை. 1941ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஸ்டேட்டன் தீவிலுள்ள ஸீ வியூ வைத்தியசாலையில் அவர் சேர்க்கப்பட்டார். 1942 மார்ச் 2ஆம் திகதி அங்கேயே உயிர் நீத்தார். காசநோய்க்கு மருந்தாகும் ஸ்ட்ரெப்டோமைசின் அதற்கு அடுத்த ஆண்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. காசநோய் ஒழிப்பில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்திய ஐசோனியசிட் வகை மருந்துகள் 1952இல் பரீட்சிக்கப்பட்டுப் புகழ்பெற்ற இடங்களுள் ஒன்று, அவர் இறந்த அதே ஸீ வியூ வைத்தியசாலை. பத்தே ஆண்டு இடைவெளி ஒரு மேதையை நம்மிடமிருந்து பிரித்துவிட்டது.

குட்மனோடு அவர் இருந்த காலம் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றே குறைவானது. ஆனால் அவ்வளவு போதுமானதாக இருந்தது. வெஸ் மொன்ட்கோமரி என்ற இளைஞர் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, சார்ளியின் தனி வாசிப்புகளை மனனம் செய்தே கிட்டார் பழகினார். 1949இல் கிப்சன் வெளியிட்ட ஈஎஸ்-175 ஜாஸ் கலைஞர்களின் விருப்பத்துக்குரிய வாத்தியமாயிற்று. 1950களில் கட்டை மரத்தாலான மின் கிட்டார்கள் வந்து சந்தையை ஆட்கொண்டபோதும் பழைய வகை அழியவில்லை. அதற்கும் குறையுண்டு. ஒலியை மிக உயர்த்தினால் ஒலிபெருக்கியின் அதிர்வு மரப்பெட்டியை மீண்டும் அதிரச் செய்து ஊளையிட ஆரம்பிக்கும். இதற்குத் தீர்வாக 1958இல் நடுவில் மரக்கட்டை பொருத்தப்பட்ட ஈஎஸ்-335 வந்தது. ஆயினும் முழுமையாக வெறுமையான பெட்டியையே இன்றும் நாடுவோர் உளர். அதை நெஞ்சோடு அணைத்து வாசிக்கும்போது ஒலி காதுக்கு வருமுன் மார்பில் அதிர்கிறது என்பதே அவர்கள் கூறும் காரணம்.

நமது நாட்டில் 1960களில் கிளரன்ஸ் விஜேவர்தன சிங்கள மெல்லிசைக்கு மின் கிட்டாரைக் கொண்டுவந்து ஒரு தலைமுறையின் இரசனையையே மாற்றினார். 1970களில் தமிழ்ப் பொப்பிசை இந்நாட்டில் அலையாக எழுந்தபோது நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் முதலியோரின் பெயர்கள் வீடுதோறும் ஒலித்தன. ஆனால் அத்தகைய மேடைகளில் பாடகருக்குப் பின்னால் நின்று கிட்டார் வாசித்த எத்தனை பேரின் பெயர்கள் நமக்குத் தெரியும்? திருமண வீடுகளிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் தோட்டத்துக் கலைவிழாக்களிலும் வாசித்துவிட்டு, காலையில் வேறு தொழிலுக்குச் சென்ற அவர்களில் பலர் இன்று முதுமையடைந்திருப்பர்.

சார்ளி கிறிஸ்டியன் பொன்ஹமில் அடக்கம் செய்யப்பட்டபோது அவரது புதைகுழிக்கு ஓர் அடையாளக் கல்லும் வைக்கப்படவில்லை. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1994இல்தான் நினைவுக்கல் நாட்டப்பட்டது. அதுவும் பிழையான இடத்தில் நாட்டப்பட்டதாக 2013இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. உலகமே கேட்கும்படி வாசித்தவர் எங்கே உறங்குகிறார் என்பதை அவரது சொந்த ஊர் அறிந்திருக்கவில்லை.

களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகரை விட்டு இடம்பெயர்ந்த லக்கல மக்களுக்கு, ஓரிடத்தின் அடையாளம் எவ்வளவு எளிதில் நீருக்குள் மறையும் என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இடங்கள் மறைவது போலவே ஒலிகளும் மறைகின்றன. அன்று மின்டன்ஸ் விடுதியின் இசையைக் காப்பாற்றியது ஒரு மாணவனின் பதிவுக் கருவி. அதைவிடச் சிறந்த கருவி இன்று ஒவ்வொரு இளைஞரின் சட்டைப்பையிலும் இருக்கிறது. அடுத்த முறை ரிவஸ்டனுக்குக் கிட்டாரோடு புறப்படுபவர்கள், வழியில் ரத்தோட்டையிலோ மாத்தளையிலோ வாழும் ஒரு மூத்த வாத்தியக் கலைஞரின் வீட்டுக் கதவைத் தட்டட்டும். அவர் வாசிப்பதை ஒரு மணித்தியாலம் பதிவுசெய்து, பெயரையும் ஊரையும் ஆண்டையும் அதனுடன் எழுதி வைக்கட்டும். கல் நாட்டுவதற்கு ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய தேவை அப்போது ஏற்படாது.