ஈ வேட்டையாடும் குளவியும் ஃபாபர் பெரியாரும்

ஈக்களால் மாந்தர்க்கும் கால்நடைக்கும் விளையும் இன்னல்களை அறியாதார் இலர். அவ்வீக்களுக்குக் காலனாய் வரும் குளவியொன்றின் வாழ்க்கையைத் தெளிவுற விளக்கியவர் பிரான்சு தேசத்து ழான் ஆன்றி ஃபாபர் என்னும் பெரியார்.

இவர் 1823ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வறிய குடியிற் பிறந்தார். அவிஞோன் முதலிய நகரங்களில் ஆசிரியராய் அமர்ந்து, சொற்ப ஊதியத்தில் குடும்பம் காத்தார். லெயோன் டியூஃபூர் என்னும் மருத்துவர் எழுதிய ஆராய்ச்சியொன்று இவர் கருத்தைக் குளவிகள்பால் ஈர்த்தது. குளவி தன் கூட்டில் சேர்த்துவைக்கும் வண்டுகள் அழுகாமைக்குக் காரணம் ஒருவகை மருந்துநீர் என்றார் டியூஃபூர். வண்டு இறக்கவேயில்லை, நரம்பு மையத்திற் கொட்டுண்டு செயலற்றுக் கிடக்கின்றது என்று ஃபாபர் 1855இல் நிலைநாட்டினார். ஆசிரியத்தொழில் புரிந்த ஒருவர், புகழ்பெற்ற அறிஞரைத் திருத்தியது எளிய செயலன்று.

ஈக்களைப் பிடிக்கும் பெம்பெக்ஸ் என்னும் மணற்குளவியின் செயல் வேறு. அவிஞோனை அடுத்த மணற்காட்டில், கடுங்கோடையில், குடை நிழலிற் கிடந்து ஃபாபர் அதனைக் கூர்ந்து நோக்கினார். பறக்கும் ஈயை அது விரைந்து பற்றுதலின், ஈ பெரும்பாலும் இறந்தேபோகின்றது. இறந்த ஊன் கோடையில் தங்காது. ஆதலின் தாய், முதல் ஈயின்மேல் முட்டையிட்டு, புழு வளருங்காறும் நாடோறும் புதிய ஈக்களைக் கொணர்கின்றது. மாட்டின் குருதி குடிக்கும் பேரீக்களும் அவற்றுள் அடங்கும். ஒவ்வொரு முறையும் வளையை மணலால் மூடிச் செல்லும். மீளும்போது அடையாளமற்ற அப்பரப்பில் இடம் பிழையாது இறங்கும்.

விந்தை இனித்தான் உளது. வளையருகே சாம்பல்நிறச் சிற்றீ ஒன்று காத்திருக்கும். தாய் இரையோடு நுழையும் கணத்தில், தன் குஞ்சுகளை அவ்விரைமேல் விட்டுவிடும். அவை உணவைப் பறித்துண்ண, குளவியின் மகவு நலியும். ஈக்களைக் கொல்வதே தொழிலாய குளவி, இவ்வொரு ஈயைக் கொல்லாது அஞ்சி ஓடுகின்றது!

ஈயின் கூட்டுப்புழுவினுள்ளேயே முட்டையிடும் மிகச் சிறு குளவிகளும் உள. அவற்றை வளர்த்து மாட்டுப்பண்ணைகளில் விடும் வழக்கம் இக்காலத்தில் உண்டு.

மலர்கள் கருவுறும் முறையை இளம்பெண்களுக்கு உரைத்தமைக்காகப் பழி சுமந்து, ஃபாபர் வீடும் பதவியும் இழந்தார். ஜான் ஸ்டூவர்ட் மில் 3,000 பிராங்கு கடனுதவினார். ஃபாபர் அதனைத் திருப்பிச் செலுத்தினார். 1879இல் சேரிஞானில், தரிசாய்க் கிடந்த நிலமொன்றை வாங்கி, அங்கிருந்தே தம் பூச்சி நூலின் பத்துத் தொகுதிகளை 1907 வரை வெளியிட்டார். டார்வின் இவரது நோக்குத்திறனை வியந்தார். இவரோ டார்வினின் கொள்கையை இறுதிவரை ஏற்றிலர். 1915 அக்டோபரில் அவ்வில்லத்திலேயே உயிர்நீத்தார்.