காவலூர் மலையில் ஒரு கண்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைச் சிற்றூர்க்காரன் நான். 1956-இல் மாநில எல்லைக்கோடு எங்களுக்குத் தெற்கே விழுந்தது. அன்று முதல் பெரியவர் எவர் பெயரைச் சொன்னாலும் தமிழரா, மலையாளியா என்று கேட்பது எங்கள் ஊர்த் திண்ணைகளின் வழக்கம். விண்ணியல் அறிஞர் வைணு பாப்புவிடம் மட்டும் அக்கேள்வி செல்லாக் காசாகிவிடுகிறது. குடும்பம் வடகேரளத்தது, பிறந்தது சென்னையில், 1927 ஆகஸ்டு 10, வளர்ந்தது ஐதராபாத்தில். உழைத்துப் பெயர் நாட்டியதோ நம் மலைகளில்!

தந்தையார் ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். மகன் ஆர்வார்டில் மாணவராயிருந்த 1949-இல் ஒரு வால்மீனைக் கண்டார். அது பாப்பு-போக்-நியூகிர்க் எனப் பெயர் பெற்றது. பின்னர் ஓலின் வில்சனோடு சேர்ந்து 1957-இல் ஓர் அரிய உண்மையை வெளியிட்டார். குளிர்ந்த விண்மீனின் நிறமாலையில், கால்சியக் கோட்டின் நடுவே ஓர் ஒளிக்கீற்று தோன்றும். அதன் அகலத்தைக் கொண்டே அம்மீனின் உண்மை ஒளியை அறியலாம் என்பதே அது. உண்மை ஒளி தெரிந்தால் தொலைவும் தெரிந்துவிடும் அல்லவா?

நிறமாலையின் அருமைக்கு இன்னொரு சான்று சொல்வேன். நீல விண்மீன் என்றால் இளமை என்பது பொது விதி. ஆனால் பால்வீதித் தட்டைச் சூழ்ந்த புறவெளியில், ஆயிரம் கோடி ஆண்டு கண்ட கிழட்டு நீல மீன்களும் உண்டு. நடுவிலிருந்த ஐதரசன் தீர்ந்து, ஈலியத்தை எரிப்பவை அவை. நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒளியைப் பிரித்தாலோ, கிழவரிடம் இரும்பு முதலிய உலோகக் கோடுகள் மெலிந்திருக்கக் காண்கிறோம். குட்டு வெளிப்பட்டுவிடுகிறது! ஆனால் இத்தகைய மங்கிய ஒளியைப் பிரிக்கப் பெரிய தொலைநோக்கியும் இருண்ட வானும் வேண்டும்.

அவ்வளவு பெரிய கருவி அன்று நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் பாப்புவுக்குக் குறையொன்றும் இருந்திராது. 1953-இல் அவர் திரும்பி வந்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன். முதலில் நைனிதால் வானாய்வகத்தை வளர்த்தார். 1960-இல் கோடைக்கானலின் இயக்குநரானார். கோடைக்கானல் கதிரவனை நோக்கும் இடம். இரவு வானுக்காக அவர் தேர்ந்தது சவ்வாது மலைக் காவலூர். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகையில் இருப்பதால், தென்வானின் பெரும்பகுதி அங்கே தெரியும். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கி, 1972-இல் ஜெர்மனியின் ஜேனாவிலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கி.

அடுத்தது 2.3 மீட்டர், அதுவும் நம் நாட்டிலேயே செய்யப்பட வேண்டும் என்று துணிந்தார். பெங்களூரில் ஆடி தேய்க்கப்பட்டது. 1979-இல் உலக வானியல் ஒன்றியத்தின் தலைமையும் அவரைத் தேடி வந்தது. ஆனால் 1982 ஆகஸ்டு 19 அன்று, இதய அறுவைக்குப் பின் மியூனிக்கில் காலமானார். அகவை 55. தொலைநோக்கி 1986-இல் நாட்டுக்கு அளிக்கப்பட்டபோது, அவர் பெயரையே அதற்கு இட்டனர்.