பராந்தக சோழனும் உத்தரமேரூர்க் குடவோலையும்

உரோமாபுரி மக்கள் கி.மு. 509 அளவில் தம் கடைசி மன்னனைத் துரத்திவிட்டு, ஆண்டுக்கு இருவராகத் தலைவரைத் தெரிவு செய்து, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் தம்மைத் தாமே ஆண்டு வந்தனர். அவ்விருவருள் ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம் என்பதும், பதவி ஓராண்டுக்கு மேல் நீடியாது என்பதும் பாதிரிமார் பாடசாலைகளிற் படித்த நம்மவர் பலருக்கு மனப்பாடம். ஆயினும் உத்தரமேரூர் எங்கேயுள்ளது என்று கேட்டால் அவர்களுட் பலர் விழிப்பர். அவ்வூரின் பெயரோடு சேர்த்து நினைக்கப்பட வேண்டிய மன்னன் முதலாம் பராந்தக சோழன் ஆவான்.

தஞ்சையைக் கைப்பற்றிச் சோழர் குலத்தை மீண்டும் தலையெடுக்கச் செய்த விசயாலயனுக்குப் பேரனாகவும், பல்லவர் ஆட்சியை முடித்துத் தொண்டை மண்டலத்தைச் சேர்த்துக்கொண்ட ஆதித்தனுக்கு மகனாகவும் பிறந்த பராந்தகன் கி.பி. 907இல் அரியணை ஏறினான். ஏறிய சில ஆண்டுகளுள் பாண்டிய நாட்டின்மேற் படையெடுத்து, மதுரை கொண்ட கோப்பரகேசரி என்னும் பட்டம் பூண்டான். தோற்ற பாண்டியன் இராசசிம்மன் ஈழத்து மன்னன் ஐந்தாம் காசியப்பனிடம் உதவி வேண்ட, இங்கிருந்து ஒரு சேனை கடல் கடந்து சென்றது. 915 அளவில் வெள்ளூர் என்னுமிடத்தில் நடந்த போரில் இரு படைகளும் முறியடிக்கப்பட்டன. ஈழப் படையிற் கொள்ளைநோய் பரவிச் சேனாதிபதியும் மாண்டானாக, எஞ்சியோர் திரும்பி வந்தனர்.

பின்னர் இராசசிம்மன் தானே ஈழத்துக்கு ஓடி வந்தான். இங்கும் எண்ணியது கைகூடாமையால், தன் குலத்து முடியையும் அணிகலன்களையும் இந்நாட்டிலேயே விட்டுவிட்டுக் கேரளம் சென்றான். மதுரையை வென்றும் அந்த முடியைச் சூட முடியவில்லையே என்ற குறை பராந்தகனை நெடுங்காலம் வாட்டியிருக்க வேண்டும். தன் முதுமையிற்கூட அதைக் கேட்டு ஆளனுப்பினான். நான்காம் உதயன் மறுக்கவே, சோழப் படை ஈழத்தில் இறங்கியது. உதயன் முடியோடு உரோகண நாட்டினுட் புகுந்து மறைந்தான். நம் மட்டக்களப்புப் பகுதியும் அன்றைய உரோகணத்தைச் சேர்ந்ததே. காடும் மலையும் நிறைந்த அந்நாட்டினுள் நுழைய மாட்டாமற் சோழர் வெறுங்கையோடு மீண்டனர். மதுரையும் ஈழமும் கொண்டவன் என்று அவன் கல்வெட்டுகள் கூறினாலும், ஈழம் கொண்ட கதை இவ்வளவுதான்.

தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன் என்ற புகழும் அவனுக்குண்டு. ஆனால் பொன்னினும் பெரிதென நான் கருதுவது ஒரு கற்சுவரில் இருக்கிறது.

காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் அவனது 12ஆம் ஆட்சியாண்டிலும் (919) 14ஆம் ஆட்சியாண்டிலும் (921) வெட்டப்பட்ட இரு சாசனங்கள் உள்ளன. இரு முறையும் அரசன் தன் அதிகாரி ஒருவனை அனுப்பினான். அவன் உடனிருக்க, வாரியப் பெருமக்களைத் தெரியும் விதியை வகுத்துக்கொண்டவர்கள் ஊர்ச் சபையார். முதல் விதியில் இருந்த குறைகளை இரண்டே ஆண்டுகளிற் கண்டு திருத்தியிருக்கிறார்கள். வயது எல்லை 30 முதல் 60 என்றிருந்தது 35 முதல் 70 என்றாயிற்று.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. கால் வேலிக்கு மேல் இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவன் பெயரே ஓலையில் எழுதப்படும். கல்வி மிக்கவனுக்கு அரைக்கால் வேலியும் போதும். கடந்த மூன்றாண்டுகளுள் வாரியஞ் செய்தவன் நிற்க முடியாது. எல்லாவற்றினும் கடுமையானது கணக்குப் பற்றிய விதி. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் விலக்கப்பட்டான். அவனோடு அவன் தகப்பன், உடன்பிறந்தான், மாமன், மருமகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள் என உறவினரும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விலக்கப்பட்டனர். உறவின் பிடி எத்தகையது என்று அறிந்தவர்கள் எழுதிய விதி இது! சபைப் பணத்துக்குக் கணக்குக் கேட்டால் முகம் சுளிப்பவர் எக்காலத்தும் உண்டு போலும்.

தெரிவு நாளன்று பாலரும் விருத்தரும் கூடிய மகாசபையின் நடுவே, நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காண உயர்த்திப் பிடிப்பார். ஓலைகளிற் கண்டதை அறியாத ஒரு சிறுவன் ஒரு குடும்பின் கட்டை எடுக்க, அதை வேறொரு குடத்திற் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதை ஏற்பான். கைக்குள் வேறோர் ஓலையை மறைக்க இடமில்லை. அவன் வாசித்தபின் நம்பிமார் அனைவரும் வாசிப்பர். இவ்வாறு வந்தவருள் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்பு செய்தோராய், கல்வியாலும் வயதாலும் மூத்தோராய் உள்ள 12 பேர் சம்வத்சர வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாட்கள். குற்றங் கண்டால் அப்போதே நீக்கம்.

குடிக்கு ஒருவராக வண்ணக்கர் இருந்து கோயிற் கருமம் பார்க்கும் நம் பகுதியாருக்கு இம்முறையின் சாயல் புதிதன்று. ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. உத்தரமேரூர் பிராமணர் ஊர். நிலமில்லாதவர் பெயரும், பெண்கள் பெயரும் அந்தக் குடத்தில் விழவில்லை. உரோமாபுரியிலும் எளியோர் கி.மு. 494இல் நகரைவிட்டே வெளியேறி நின்றபின்னரன்றோ தமக்கெனக் காவலரைப் பெற்றனர்!

பராந்தகனின் இறுதிக் காலம் இருண்டது. வடக்கே காவலிருந்த அவன் மூத்த மகன் இராசாதித்தன், 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனோடு பொருது, யானைமேல் இருந்தபடியே மாண்டான். தொண்டை மண்டலம் கைவிட்டுப் போயிற்று. 955 அளவிற் பராந்தகன் மறைந்தான். அவன் தேடிய பாண்டியர் முடி 1017இல், அவன் வழிவந்த முதலாம் இராசேந்திரன் காலத்திலேதான் சோழர் கைக்கு வந்தது.

உத்தரமேரூரும் கிருட்டிணன் ஆட்சிக்குட்பட்டது. அங்குள்ள சில சாசனங்களின் தலைப்பிலே பராந்தகன் பெயர் இல்லை. கன்னரதேவன் என்னும் கிருட்டிணன் பெயரே உள்ளது. அவற்றிலும் ஊர்க் காரியங்களைத் தீர்மானித்து எழுதி வைத்திருப்பவர் அதே மகாசபையார்.