எழுபதாம் பிறந்தநாள் பரிசு

மரியா மாண்டிசோரி அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியில் பிறந்தார். மருத்துவரான அவர், 1907இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் ‘குழந்தைகள் இல்லம்’ என்னும் பள்ளியைத் தொடங்கினார். அங்குப் பிள்ளைகள் தாமே செய்து பார்த்துக் கற்றனர். மூத்த பிள்ளைகள் இளையோருக்கு உதவினர். அனைவரும் ஒரு குடும்பம்போல் பழகினர்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க, 1939இல் மகன் மரியோவுடன் அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஏறத்தாழ 300 பேர் அவரிடம் பயின்றனர். மறு ஆண்டு இத்தாலி, பிரிட்டனை எதிர்த்துப் போரில் இறங்கியது. அப்போது இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசு, இத்தாலியரான மரியோவைக் காவலில் வைத்தது. தாய் மனம் தவித்தது. பின்னர், அம்மையாரின் 70ஆம் பிறந்தநாள் பரிசாக அரசு மரியோவை விடுவித்தது. பிரிந்த மகனே பரிசாகத் திரும்பி வந்தார்!

அம்மையார் 1952இல் மறைந்தார். இன்றும் மாண்டிசோரி பள்ளிகள் பலவற்றில், பிறந்தநாள் காணும் குழந்தை கையில் சிறிய பூகோள உருண்டையை ஏந்தி, சூரியனைக் குறிக்கும் மெழுகுவர்த்தியைச் சுற்றி வருகிறது. ஓர் ஆண்டு வயதுக்கு ஒரு சுற்று. தோழர்கள் சூழ அமர்ந்து, அக்குழந்தை வளர்ந்த கதையைக் கேட்டு மகிழ்கின்றனர். விலையுயர்ந்த பொருளைவிட அன்புடையோர் உடனிருப்பதே சிறந்த பரிசு அன்றோ?