எண்ணியல் அறிஞர் சிவசங்கரநாராயண பிள்ளை

குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் சிற்றூரில் 1901-ஆம் ஆண்டு சிவசங்கரநாராயண பிள்ளை பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயையும், பள்ளிப் பருவத்தில் தந்தையையும் இழந்தார். படிப்பு நின்றுவிடும் நிலை எய்தியது. அவருடைய அறிவுக் கூர்மையை நன்கறிந்திருந்த ஆசிரியர் ஒருவர் தம் ஊதியத்திலிருந்து பொருளுதவி செய்து படிக்க வைத்தார்.

பின்னர்ப் பிள்ளை நாஞ்சில் நாட்டில், நாகர்கோயில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும், திருவனந்தபுரத்திலும் பயின்றார். சென்னையில் ஆனந்தராவிடம் ஆராய்ச்சிப் பயிற்சி பெற்று, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக விரிவுரையாளரானார்.

வாரிங் என்னும் ஆங்கிலேயர் 1770-இல் எழுப்பிய வினா அவர் உள்ளத்தை ஈர்த்தது. இரண்டை ஆறுமுறை எழுதிப் பெருக்கினால் 64 வரும். இஃது ஓர் ஆறாம் அடுக்கு எண். எந்த முழு எண்ணையும் ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டுத்தொகையாக எழுத, மிகுதியாக எத்தனை எண்கள் வேண்டும்? 703 என்பதை எழுதப் பத்து அறுபத்துநான்குகளும், அறுபத்து மூன்று ஒன்றுகளுமாக 73 எண்கள் தேவை. எவ்வளவு பெரிய எண்ணாயினும் 73-க்கு மேல் வேண்டுவதில்லை என்று பிள்ளை 1940-இல் நிறுவினார்.

பிறகு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரின் உயராய்வு நிலையம் அவரை ஓராண்டுக்கு அழைத்தது. அந்நாட்டில் கூடிய உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளப் புறப்பட்டவர், 1950 ஆகஸ்டு 31-இல் கெய்ரோவின் அருகே நேர்ந்த விமான விபத்தில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 49.

நல்லாசிரியர் ஒருவர் ஏழை மாணவனுக்கு ஈந்த சிறுபொருள், உலகிற்கு அழியாத அறிவுச் செல்வமாக விளைந்தது.